விதைப் பானையில் கை வைத்தீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துப் படியுங்கள்.

தர்மபுரிப் பக்கம் மழையை நம்பிக் கேழ்வரகு, சாமை, துவரை போடும் ஊர் எங்களுடையது. 2020 தொடக்கம் வரை ஓர் ஆய்வுக் குழு இங்கே வந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் கோலமாவால் ஊர்ப்படம் போடுவார்கள். எந்தப் பயிர் தேவலை என்று புளியங்கொட்டை வைத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். எழுத்தறியாத பாட்டிகூட, "சாமைக்கு எட்டுக் கொட்டை வை" என்று அதிகாரமாகச் சொல்வார். உழவரையும் கூட்டு ஆய்வாளராக மதிக்கும் முறை இது. ராபர்ட் சேம்பர்ஸ் போன்றோரும் தொண்டு நிறுவனங்களும் 1980களின் இறுதியிலிருந்து இந்தியக் கிராமங்களில் வளர்த்தெடுத்தது.

மார்ச் 25, ஊரடங்கு. இரண்டே நாளில் விவசாய வேலைகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆய்வாளர்கள் வர வழியில்லை. ஆய்வு கைபேசிக்கு மாறியது.

போனை எடுத்தவர்கள் ஆண்கள். "விதையை எப்படிச் சேமிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு பதில் சொன்னார். சாம்பல் கலந்து பானையில் விதை கட்டி வைக்கும் அவர் மனைவி அடுப்படியில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். கிராமங்களில் பாதிக்கும் குறைவு. அப்படியென்றால் போன் வழி ஆய்வில் யார் குரல் விடுபடும்?

கல்லூரி மூடியதால் என் பழைய மாணவி ஒருத்தி ஊரில் இருந்தாள். "கேள்விகளை அவளிடம் கொடுங்கள்" என்றேன். குழுவினர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, களத்துமேட்டில் எட்டி நின்று, பெண்கள் பேசியதைப் பதிவு செய்து அனுப்பினாள்.

"எத்தனை ஹெக்டேர்?" என்ற கேள்வியை அடித்துவிட்டு, "எத்தனை படி விதைப்பீங்க?" என்று மாற்றினாள். தானாக ஒரு கேள்வியும் சேர்த்தாள்: "இந்த வருஷம் விதைப் பானையில் கை வெச்சீங்களா?"

பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்த நேரம் அது. பல வீடுகளில் "ஆமாம்" என்றார்கள். ஆடிக்கு விதைக்க விதை இல்லை என்ற செய்தி அப்படித்தான் வெளியே வந்தது. அச்சடித்த படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

கட்டுப்பாடுகள் நீங்கின. கார் திரும்ப வந்தது, பழைய படிவமும் கூடவே வந்தது. அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடவில்லை. அறிக்கையில் அவள் பெயரும் இல்லை.

"பயிற்சி இல்லாதவர்கள் கேட்டால் தரம் குறையும்" என்கிறார்கள். பயிற்சி கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? சொந்தக்காரரிடம் சொல்லத் தயங்கும் சில விஷயங்களை ஊர் மக்கள் வெளியாளிடம் சொல்வதுண்டு, அதையும் மறுக்கவில்லை. இருவரும் சேர்ந்து செய்யட்டும் என்கிறேன்.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஊர்ப்பிள்ளைகளின் உழைப்புக்குக் கூலி கொடுங்கள். அறிக்கையில் அவர்கள் பெயரைப் போடுங்கள். முடிவுகளை அதே வேப்பமரத்தடியில், தமிழில், எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வேறு வழியில்லாமல் கொரோனா காலத்தில் செய்ததை, இனி விரும்பிச் செய்யுங்கள்.

உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள்.