பாட்டில் தீர்ந்துபோச்சு, கோர்ஸ் தீரவில்லை

ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை, ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கிருமிகள் அடங்க மறுப்பது பற்றிய விழிப்புணர்வு வாரம். உலகம் முழுக்க நடக்கிறது. போஸ்டர் ஒட்டுகிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் சாரம் ஒன்றுதான்: பெற்றோர்களே, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். பெற்றோர் என்று எழுதினாலும் திட்டு விழுவது அம்மாவுக்குத்தான். அறிவுரையில் தப்பில்லை. அது யாரைப் பார்த்து நீட்டப்படுகிறது என்பதில்தான் என் சண்டை.

நான் மருந்தாளுநர். இருபத்தாறு வருஷமாக மெடிக்கல் கவுண்ட்டருக்கு உள்பக்கம் நிற்கிறேன். அங்கிருந்து பார்த்தால், குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் தப்பாகப் போவதில் பெரும்பங்கு அந்தப் பாட்டில் அம்மாவின் கைக்கு வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். சீட்டில் ‘5 மி.லி., காலை மாலை, 5 நாள்’ என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு 10 மி.லி., ஐந்து நாளைக்கு 50 மி.லி. பவுடர் மருந்தில் பெரும்பாலும் கைக்கு வருவது 30 மி.லி. பாட்டில். மூன்றாம் நாள் ராத்திரியோடு தீர்ந்துவிடும். இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டும் என்று சீட்டும் சொல்லவில்லை, கடையும் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலும் விட்டிருக்கும். அடுத்த தடவை போனால் டாக்டர் கேட்கிறார்: “ஏம்மா பாதியில நிறுத்தின?” அவள் எங்கே நிறுத்தினாள்? பாட்டில்தானே நின்றது!

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2.5 மி.லி. என்றால் ஐந்து நாளைக்கு 25 மி.லி. போக 5 மி.லி. மிச்சம். காசு கொடுத்து வாங்கிய மருந்தை யார் கொட்டுவார்கள்? பிரிட்ஜ் கதவில் நிற்கும். அடுத்த மாதம் சளி பிடித்ததும் அம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறாள். காலாவதித் தேதி அடுத்த வருஷம் என்று போட்டிருக்கிறது. கொடுக்கிறாள். அந்தத் தேதி தண்ணீர் கலக்காத பவுடருக்கு. கலந்துவிட்டால் அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்துக்கு ஆயுசு ஏழு நாள்தான், அதுவும் பிரிட்ஜில் வைத்தால். இந்த விஷயம் பாட்டிலில் இல்லாமல் இல்லை. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது.

அளவு இன்னும் மோசம். பெரியவர்களுக்கு மாத்திரை ஒரே அளவு. குழந்தைக்கு எடையை வைத்துத்தான் கணக்கு. ஆனால் எடை எழுதாத சீட்டுகள் எத்தனையோ என் கைக்கு வருகின்றன. அமாக்ஸிசிலினையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. ‘ஒரு மூடி குடுங்க’ என்று வாயால் சொல்லி அனுப்பினால், பாட்டில் மாறும்போது மருந்து பாதியாகலாம், இரட்டிப்பாகலாம், நான்கு மடங்காகவும் ஆகலாம். மூடி தொலைந்தால் சமையல்கட்டு ஸ்பூன். வீட்டுக்கு வீடு ஸ்பூன் வேறு.

தண்ணீர் கலப்பதும் இப்படித்தான். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி கோடு வரை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் முதல் நாள் தெளிவும் கடைசி நாள் வண்டலும்தான் குழந்தை வயிற்றுக்குப் போகும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் அவளுக்குக் கொடுப்பதில்லை.

இதெல்லாம் தேவையான மருந்து எழுதப்பட்டபோது நடப்பவை. சாதாரண சளிக்கும் மூக்கொழுகலுக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் மட்டும் பாக்டீரியா வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சாதாரண வயிற்றுப்போக்குக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளைத் தரம் பிரித்தபோது அமாக்ஸிசிலினை முதலில் எடுக்க வேண்டிய வரிசையிலும், அஸித்ரோமைசினையும் செஃபிக்ஸிமையும் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய வரிசையிலும் வைத்தது. வெறும் சளி என்று வரும் சீட்டில் இந்த இரண்டாம் வரிசையைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

“அம்மாக்கள்தான் சார் கேக்குறாங்க, வீரியமா எழுதுங்கன்னு நிக்கிறாங்க” என்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தவள், நாளைக்கு மறுபடி வர முடியாது என்ற பயத்தில் கேட்கிறாள். அவள் கேட்பது உறுதிமொழி, கொடுப்பது பாட்டில். “இது சளிதாம்மா, தானா போயிரும். ஆனா மூச்சை எண்ணிப் பாரு. ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு அம்பது, ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள நாப்பது, அதைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ள போனாலோ, பால் குடிக்கலைன்னாலோ உடனே ஓடி வா” என்று சொல்லி அனுப்பினால் கேட்டுக்கொள்ள மாட்டாளா? நிமோனியா குழந்தைக்குச் சரியான நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால்தான் உயிர். அந்த நாளில் மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சண்டையே.

சட்டம் இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள ஹெச்1 அட்டவணைப்படி, செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அதில் குழந்தையின் எடைக்கு ஒரு கட்டம் கிடையாது. சீட்டில்லாமல் விற்கும் கடைக்காரனும் என் தொழில்காரன்தான். அவனுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

1945இல் நோபல் உரையில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் எச்சரித்தபோதே, அவர் சொன்ன கதையில் குற்றவாளி தானாகப் பென்சிலின் வாங்கிக் குறைவாகப் போட்டுக்கொண்ட ஒரு நோயாளிதான். அன்றிலிருந்து விரல் ஒரே திசையில்தான் நீள்கிறது. கொஞ்சம் திருப்புவோம்.

டாக்டர்கள் சீட்டில் குழந்தையின் எடை, மருந்தின் மி.கி., ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., எத்தனை நாள், எத்தனை பாட்டில் என்று எழுதட்டும். கடைக்காரர்கள் பவுடரைக் கலந்து காட்டி, எந்தத் தேதியில் கொட்ட வேண்டும் என்று பாட்டிலின் மேல் பேனாவால் எழுதட்டும். கம்பெனிகள் மூடிக்குப் பதில் ஊசியில்லாத சிரிஞ்சு வைத்து, தமிழில் நாலு வரி அச்சடிக்கட்டும்.

அதுவரை, அம்மாக்களே, கவுண்ட்டரில் நின்று கேளுங்கள்: “எடைக்குச் சரியான அளவா? எத்தனை நாள்? இந்தப் பாட்டில் காணுமா? எப்ப கொட்டணும்? முன்னாடி ஒரு மருந்துக்குத் தடிப்பு வந்துச்சு, இது அதுதானா?” பின்னால் வரிசை நிற்கிறது என்று யாராவது முனகினால் முனகட்டும். பதில் வராமல் நகராதீர்கள்.