மறுபடியும் கொரியாவுக்கு

அந்நிய தேசத்துக்குப் போய் இங்கிலீஷ் கற்றுக் கொடுப்பது இந்தக் காலத்தில் ஒரு தனி உத்தியோகமாகவே ஆகிவிட்டது. பட்டம் பெற்ற இளைஞர்களும் யுவதிகளும் எங்கேயோ ஒரு தூர தேசத்தில் இரண்டு மூன்று வருஷம் உபாத்தியாயர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கலியாணம், வீடு, வேறு வேலை என்று சில வருஷங்கள் ஓடிவிடுகின்றன. பிறகு ஒரு நாள், "மறுபடியும் போனால் என்ன?" என்ற ஆசை தலை தூக்குகிறது. அந்த ஆசை தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால், போகிற இடம் தமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தென் கொரியாவை உதாரணமாக எடுத்துக்கொண்டு இதைச் சற்று விசாரிப்போம்.

அந்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் பிற தேசத்து உபாத்தியாயர்களை அமர்த்தும் 'எபிக்' என்ற திட்டம் 1995-ம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. 1997 முதல் ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் பாடம் உண்டு. இது போதாதென்று 'ஹாக்வொன்' என்னும் தனியார் மாலைப் பாடசாலைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வேலைக்கு ஒப்பந்தம் சாதாரணமாக ஒரு வருஷத்துக்குத்தான். குடியிருக்க இடமும் பெரும்பாலும் கிடைக்கும். முன்பு அங்கே வேலை பார்த்தவரானாலும், பல வருஷம் கழித்துப் போனால் பட்டத்துக்கு அத்தாட்சி, போலீஸ் அத்தாட்சி, வைத்தியப் பரிசோதனை எல்லாம் புதிதாக வேண்டும். பழகின முகமாயிற்றே என்று எந்த அதிகாரியும் சலுகை காட்டுவதில்லை!

சரி, வகுப்புக்குள் நுழைந்தாகிவிட்டது. முதல் பாடம் என்ன? பெயர் கேட்பதும் வயது கேட்பதுந்தானே? அங்கேயே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கொரிய வழக்கப்படி குழந்தை பிறந்தவுடனேயே அதற்கு ஒரு வயது. வருஷப் பிறப்பன்று எல்லோருக்கும் இன்னொரு வயது ஏறும். 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமலுக்கு வந்த சட்டம், பிறந்த தேதியை வைத்தே வயதைக் கணக்கிட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டது. ஒரே நாளில் தேசம் முழுவதும் ஒன்றிரண்டு வயது குறைந்து போயிற்று. பழைய உபாத்தியாயர் தமது பழைய பாடக் குறிப்பை எடுத்துக்கொண்டு போனால், முதல் பக்கத்திலேயே திருத்தம் செய்ய வேண்டியதுதான்.

இது வேடிக்கை. வேடிக்கையில்லாத விஷயம் ஒன்றும் உண்டு. 2015-ம் வருஷத்தில் கொரியாவில் பிறந்த குழந்தைகள் சுமார் 4,38,000. 2023-ல் பிறந்தவை சுமார் 2,30,000. எட்டு வருஷத்தில் ஏறக்குறையப் பாதி! கிராமப் பள்ளிகள் பல மூடப்படுகின்றன, அல்லது அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்க்கப்படுகின்றன. தாம் முன்பு பாடம் சொன்ன பள்ளியைத் தேடிப் போகிறவருக்கு, பூட்டிய கதவே எதிர்ப்படலாம். சொந்த ஊரில் நிலையான வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷ ஒப்பந்தத்தை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் மூட்டை கட்டக் கூடாது.

அப்படியானால் போகவே வேண்டாமா? போகலாம். ஆனால் எந்தத் தகுதியோடு போகிறோம் என்பதை யோசிக்க வேண்டும். இந்த வேலைக்கான விஸா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு தேசத்தாருக்கே கிடைக்கிறது. அதாவது, பிறந்த ஊரே பெரிய தகுதி. ஆனால் ஒரு பாஷையைத் தாய்ப்பாலோடு குடித்தவனுக்கு, அதைப் பிறர் கற்பதிலுள்ள கஷ்டம் தெரிவதில்லை. கொரியக் குழந்தையின் நாவில் இங்கிலீஷ் 'எஃப்' ஓசை எளிதில் வராது. நாம் 'காப்பி' என்பதுபோல் அவர்களும் 'கொப்பி' என்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் நல்ல உபாத்தியாயர் ஆகமாட்டார்.

பல வருஷம் கழித்துத் திரும்புகிறவருக்கு உள்ள பெரிய அனுகூலம் இங்கேதான் இருக்கிறது. அவர் முன்பு அரைகுறையாகக் கற்ற கொரிய பாஷை இதற்குள் மறந்து போயிருக்கும். நம் பாஷையைப் போலவே அதிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். பெரியவரிடம் பேசும்போது வினையிலேயே மரியாதை சேர வேண்டும். கடைக்காரரிடம் சிறுபிள்ளையிடம் பேசுவதுபோல் பேசி நாணும்போது, தமது மாணவனின் சங்கடம் அவருக்கு நன்றாகப் புரியும்.

அந்தத் தேசம் எப்படிப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் கடைசி வருஷங்களில் பள்ளிகளில் தாய்மொழிக்கே இடமில்லாமல் போயிற்று. இன்றோ, சேஜோங் அரசர் 1446-ல் வெளியிட்ட 'ஹங்குல்' எழுத்துக்காக ஆண்டுதோறும் அக்டோபர் 9-ந் தேதி விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். பள்ளிகளில் மற்றப் பாடங்களைத் தாய்மொழியில் படித்துக்கொண்டே, இங்கிலீஷை ஒரு பாடமாகக் கற்கிறார்கள். அங்கே போகும் உபாத்தியாயர் நாகரிகம் கற்பிக்கப் போகவில்லை. ஒரு பாஷையைக் கற்பிக்கப் போகிறார், அவ்வளவுதான்.

ஆகையால், கழிந்துபோன வாலிபத்தைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது. பழைய புகைப்படங்களைப் பார்த்தாலே போதும். கப்பல் செலவு மிச்சம். உண்மையிலேயே குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல விரும்புகிறவர்கள் மட்டும் பிரயாணச் சீட்டு வாங்கட்டும். வாங்கிய அன்றைக்கே ஹங்குல் அரிச்சுவடியையும் மறுபடி கையில் எடுக்கட்டும்.