முத்திரையிடப்பட்ட ஏடு

தமிழன் படும் பாட்டைத் தமிழனுக்கே எழுதினாற் போதுமா? போதாது எனக் கண்டவர் பத்திரிகையாளர் எஸ். சிவநாயகம். கொழும்பின் ஆங்கில நாளேடுகளிற் பேனா பழகிய அவர், யாழ். நூலகம் எரிந்த மறு ஆண்டு, 1982இல், யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்த "சட்டர்டே றிவியூ" ஆங்கில வார ஏட்டின் ஆசிரியரானார்.

ஆங்கிலம் அறியாக் கமக்காரனுக்கு அதனால் யாது பயன் என வினவுவோர் உளர். தன் துயரைக் கமக்காரன் அறிவான். அறியாதவர் சிங்கள மக்களும் பிறநாட்டாருமே. வழக்கைச் சொந்தத் திண்ணையிலா உரைப்பது? நீதிபதிக்கு விளங்கும் மொழியிலன்றோ உரைத்தல் வேண்டும்!

1983 யூலைத் தொடக்கத்தில் அரசு அவ்வேட்டைத் தடைசெய்து, காரியாலயத்துக்கு முத்திரையிட்டது. "சுதந்திரன்" ஏட்டுக்கும் அதே கதி. அம்மாத இறுதியிலே தமிழர் உயிரும் உடைமையும் தீயில் வெந்தபோது, அதனை உலகுக்கு எடுத்துரைக்க அவ்வேடு இல்லை. இதனைத் தற்செயல் என நம்பும் பெருந்தன்மை எமக்கில்லை.

சிவநாயகம் தமிழகம் புகுந்தார். அங்கும் பின்னாளிற் சிறையே வாய்த்தது. ஏடு 1984இல் மீண்டும் வெளிவந்தபோது ஆசிரியராய் அமர்ந்தவர் காமினி நவரத்ன என்ற சிங்களவர் என்பதையும் நாம் நன்றியுடன் கூறல் வேண்டும்.

2010இல் சிவநாயகம் மறைந்தார். அவ்வேட்டின் பழைய பிரதிகள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், கறையானுக்கு இரையாக்காது நூலகத்தில் ஒப்புவியுங்கள்.