பத்திரிகைச் சுதந்திரம் யாருடைய சொத்து?

முன்னெல்லாம் நம் நாட்டில் வாதத்தில் தோற்றுப் போனவன் "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக் கொள்வான். இன்று அவனுடைய பேரன் "பேப்பரிலேயே போட்டிருக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறான். எழுதினவன் யார், எழுதச் சொன்னவன் யார், எழுதினதற்குக் கூலி கொடுத்தவன் யார் என்று பாட்டனும் கேட்கவில்லை, பேரனும் கேட்பதில்லை.

சென்ற மாதம் ஒரு கிராமத்து வாசகசாலையில் நெசவுத் தொழிலாளத் தோழர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, பத்திரிகைச் சுதந்திரம் போய்விட்டது, போய்விட்டது என்று பட்டணத்திலே கூச்சல் போடுகிறார்களே, அது போனால் எனக்கென்ன? இருந்தால்தான் என் தறிக்கு நூல் சல்லிசாகக் கிடைக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்திராதிபர்கள் தங்கள் சுதந்திரத்தைத் தங்கள் வீட்டு நகையைப் போல் பேசி வந்ததன் பலன்தான் இந்தக் கேள்வி. அவருக்கு அன்று சொன்னதையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

1975-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி அலகாபாத் ஹைக்கோர்ட்டு பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. அன்றிரவே டில்லியில் பத்திரிகை ஆபீசுகள் வரிசையாக இருக்கும் பகதூர்ஷா ஜாபர் வீதியில் மின்சாரம் நின்றது. விடிந்தபோது எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டிய பத்திரிகைகள் பல வெளிவரவேயில்லை. அடுத்து முன்தணிக்கை வந்தது. அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எதையும் அச்சிடக் கூடாது என்றார்கள். பிரஸ் கவுன்சிலைக் கலைத்தார்கள். நான்கு செய்தி ஸ்தாபனங்களை 1976-ல் ஒன்றாகச் சேர்த்து "சமாச்சார்" என்று பெயர் வைத்தார்கள். பார்லிமெண்டில் பேசியதைப் பத்திரிகைகள் பயமின்றிப் போடலாம் என்று 1956-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதற்குப் பாடுபட்டவர் அம்மையாரின் கணவர் பெரோஸ் காந்தி. அந்தச் சட்டத்தையும் தூக்கி எறிந்தார்கள்.

இதற்குப் பத்திரிகை உலகம் என்ன செய்தது? செய்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். "இந்தியன் எக்ஸ்பிரஸ்" ஜூன் 28-ல் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. பம்பாய் "டைம்ஸ் ஆப் இந்தியா"வில் ஜனநாயகம் என்ற ஆசாமி இறந்துவிட்டதாக யாரோ மரண விளம்பரம் கொடுக்க, அது தணிக்கைக்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அச்சேறிற்று. மினு மசானி தம்முடைய சிறு மாதப் பத்திரிகைக்காகக் கோர்ட்டுக்குப் போனார். சர்க்காரைக் குறை சொல்வதே குற்றமாகிவிடாது, தணிக்கைக்காரன் தன் இஷ்டத்துக்குக் கத்தரிக்க முடியாது என்று பம்பாய் ஹைக்கோர்ட்டு 1976-ல் தீர்ப்புச் சொல்லிற்று. நம் நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, கைதானவர்களின் பெயரைப் போடக்கூடாது என்றிருந்தபோது, "முரசொலி" 1976 பிப்ரவரியில், அண்ணா நினைவு நாளுக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மற்றவர்கள்? இவர்களைக் குனியத்தான் சொன்னார்கள், இவர்களோ தவழ்ந்தார்கள் என்ற கருத்தில், 1977-ல் செய்தி மந்திரியாக வந்த அத்வானி சொன்னார். அவருடைய கொள்கைக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் சொன்னது மெய்.

ஏன் தவழ்ந்தார்கள்? எல்லோரும் கோழைகளா? அல்ல. கணக்குப் பார்த்தார்கள். பத்திரிகை முதலாளிகளில் பலருக்குப் பத்திரிகை ஓர் உபதொழில். மூலதொழில் சணல் ஆலை, சர்க்கரை ஆலை, இரும்பு. அவற்றுக்கு லைசென்சு சர்க்காரிடம். அச்சடிக்கும் காகிதத்தின் பங்கீடு சர்க்காரிடம். விளம்பரமும் சர்க்காரிடம். எந்தப் பத்திரிகை நண்பன், எது விரோதி, எது நடுவில் நிற்பது என்று தரம் பிரித்து வைத்துக்கொண்டு விளம்பரம் கொடுத்தார்கள் என்பது நெருக்கடி நிலை போன பிறகு 1977-ல் வெளியான வெள்ளை அறிக்கையில் வெளிப்பட்டது. வெள்ளைக்காரன் 1910-லும் 1931-லும் சட்டம் செய்து பத்திரிகைகளிடம் ஜாமீன் தொகை கேட்டான்; எதிர்த்து எழுதினால் பறிமுதல் செய்தான். அதாவது பணத்தைப் பிடுங்கிப் பயமுறுத்தினான். நம்மவர்கள் பணத்தைக் கொடுத்துப் பயமுறுத்தக் கற்றுக் கொண்டார்கள்!

நிற்க, நெசவாளத் தோழரின் கேள்விக்கு வருவோம். பத்திரிகை வாய் மூடியிருந்த காலத்தில் யாருக்கு என்ன போயிற்று? 1976 ஏப்ரலில் டில்லி துருக்மான் வாயிலில் ஏழை முஸ்லிம்களின் வீடுகளைப் புல்டோசர் இடித்தது. எதிர்த்தவர்களைப் போலீசு சுட்டது. 1976-77 ஆகிய ஒரே வருஷத்தில் 81 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்ததாக ஷா கமிஷன் கணக்குச் சொல்லிற்று. கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்ட காலத்திலேயே மேடை ஏறிப் பேசியவர்கள் நாம். ஆனால் மனிதனைக் கேட்டுச் செய்வது வேறு, மாட்டைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு போய்ச் செய்வது வேறு. இப்படிப் பிடிபட்டவர்கள் யார்? மில் முதலாளியா? பத்திராதிபரா? கூலிக்காரனும் குடியானவனும் சேரியில் இருந்தவனும்தானே! சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளைத் தடி கொண்டு அடித்ததைப் பகிரங்கமாக விசாரிக்க 1977-ல் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் வர வேண்டியிருந்தது. அடி விழுந்த மறுநாளே ஊர் முழுதும் படித்திருந்தால் அடுத்த அடி விழுந்திருக்குமா?

ஆகவே தோழரே, நூல் விலையைப் பத்திரிகை குறைத்துவிடாது. விலையை ஏற்றினவன் யார், பதுக்கினவன் யார், அவனிடம் பங்கு வாங்கின அதிகாரி யார் என்று உமக்குச் சொல்ல வேண்டியவன் பத்திரிகைக்காரன். அவன் வாயைக் கட்டினால் உம் கண்ணைக் கட்டினதாகும். சொத்து உம்முடையது. அவன் வெறும் காவற்காரன். காவற்காரனே சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு "என் சுதந்திரம் போச்சே" என்று அழுவதை நாம் எப்படி நம்புவது?

இது ஒரு கட்சியின் குற்றம் என்று யாரும் சொல்லித் தப்பித்துக் கொள்ள வேண்டாம். நம்மூர் சட்டசபையே 1987-ல் ஒரு கேலிச் சித்திரத்துக்காக "ஆனந்த விகடன்" ஆசிரியருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. 2003-ல் "இந்து" பத்திரிகைக்காரர்களையும் "முரசொலி" ஆசிரியரையும் பிடித்துவரப் போலீசை ஏவிற்று. திராவிடம் என்ற பெயர் வைத்துக்கொண்டு செய்தால் அது இனிக்குமா? வடக்கிலோ 2020-ல் ஹாத்ராசுக்குச் செய்தி சேகரிக்கப் போன சித்திக் காப்பன் வழியிலேயே கைதாகி இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். 2023 ஜனவரியில் பி.பி.சி. ஒரு படம் வெளியிட்டது. அதைப் பார்க்கவொட்டாமல் தடுத்தார்கள். பிப்ரவரியில் வருமான வரிக்காரர்கள் அதன் ஆபீசுக்குள் இருந்தார்கள். இப்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. என்.டி.டி.வி.யை 2022-ல் அதானி வாங்கியதுபோல், கோடீசுவரர் ஒருவர் கம்பெனியை வாங்கிக் கொண்டால் போதும்.

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பத்திரிகையும் மாதம் ஒருமுறை, இன்ன சர்க்காரிடம் இவ்வளவு, இன்ன கம்பெனியிடம் இவ்வளவு விளம்பரப் பணம் வாங்கினோம், முதலாளிக்கு இன்னின்ன வேறு தொழில்கள் உண்டு என்று முதல் பக்கத்தில் அச்சிடட்டும். வாசகன் அதைப் பார்த்துக்கொண்டு மற்றப் பக்கங்களைப் படிக்கட்டும். இந்த யோசனையை ஒரு பெரிய தினசரியின் ஆசிரியருக்கு நாம் கடிதமாக எழுதினோம். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. ஆசிரியரிடமிருந்து அல்ல, அவர்களுடைய விளம்பர இலாகாவிலிருந்து. முதல் பக்கத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு என்ன ரேட்டு என்ற அச்சுத்தாள் மட்டும் உறைக்குள் இருந்தது.