‘இப்பவே போட்டால் சீப்பு’ என்னும் மூடநம்பிக்கை

தீபாவளிக் குப்பையைத் தெருவிலிருந்து அள்ளி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுகிறார்கள். செய்தித்தாளின் முதல் பக்கம் முழுக்க, சிங்கப்பூர் மெர்லயன் சிலைக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கீழே கொட்டை எழுத்தில், மே மாதச் சுற்றுலாவுக்கு இன்றே பணம் கட்டினால் இத்தனை ஆயிரம் மிச்சம் என்று ஒரு தொகை. மறுநாளே அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில், ‘நாங்க போட்டாச்சு, நீங்க?’ என்று விசாரணை தொடங்கிவிடும். இன்னும் போடவில்லை என்று சொன்னவருக்கு அன்று முழுக்க இலவச ஆலோசனை. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே டிக்கெட் போட்டவர் புத்திசாலி, போடாதவர் ஏமாளி என்பது இன்று நடுத்தரக் குடும்பங்களில் யாரும் கேள்வி கேட்காத வேதவாக்கு. விமானக் கம்பெனிகளுக்கும் டிராவல் ஏஜென்டுகளுக்கும் இதைவிடச் சௌகரியமான நம்பிக்கை வேறு கிடையாது. அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. நமக்குக் கிடைப்பது வாட்ஸ்அப் குழுவில் நாலு கைதட்டல் படம்.

இந்த வேதவாக்கை ஓதுகிறவர்களிடம் ஒரே ஒரு தேதியைப் பற்றிக் கேட்க வேண்டும்: 2019 ஏப்ரல் 17. அன்றிரவு அம்ரித்சரிலிருந்து மும்பைக்கு ஒரு விமானத்தை ஓட்டிவிட்டு ஜெட் ஏர்வேஸ் கடையைக் கட்டியது. பெட்டிக்கடை இல்லை, 1993 முதல் பறந்துகொண்டிருந்த நிறுவனம். சென்னையிலிருந்து பாரிஸுக்கு நேரடி விமானம் என்று 2017 அக்டோபரில் தடபுடலாகத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான். பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்து வீட்டில் பெட்டி கட்டும் நேரம் பார்த்து எல்லாம் நின்றது. அந்த மே மாதத்துக்கு அதில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் யார்? நவம்பரிலும் டிசம்பரிலும் பணத்தைக் கட்டிவிட்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்த முன்யோசனைக்காரர்கள்தான். ‘பார்த்துக்கலாம்’ என்று இருந்த சோம்பேறியின் பணம் பத்திரமாக வங்கியில் கிடந்தது. ஜூனில் திவால் வழக்கு தொடங்கியது. 2024 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கலைத்து விற்கச் சொன்னது. 2019-இல் ஐந்தாம் வகுப்பு முடித்துப் பாரிஸ் கனவில் இருந்த பிள்ளை, அந்தத் தீர்ப்பு வருவதற்குள் பிளஸ் ஒன் போய்விட்டது. திவாலான கம்பெனியில் வங்கிக்காரரும் ஊழியரும் வாங்கிக்கொண்டு போன பிறகு மிச்சத்துக்குக் காத்திருக்கும் வரிசையில்தான் பயணிக்கு இடம்.

எப்போதோ ஒரு தடவை நடந்ததை வைத்துப் பேசலாமா என்பார்கள். 2023 மே 2-இல் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் தானே போய்த் திவால் மனு போட்டது. மறுநாளிலிருந்து அதன் விமானங்கள் எழும்பவில்லை. கவனியுங்கள், அதுவும் கோடை விடுமுறை. அதற்கு முன்னால் 2012-இல் கிங்ஃபிஷர். இங்கிலாந்தில் 178 ஆண்டுப் பழைமையான தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23-இல் ஒரே இரவில் மூடப்பட்டது. ஊர் திரும்ப வழியில்லாமல் நின்ற சுமார் ஒன்றரை லட்சம் பேரை அரசாங்கமே விமானம் பிடித்து அழைத்துவர வேண்டியிருந்தது. (இந்தியாவில் அதே பெயரில் நடப்பது வேறு முதலாளியின் வேறு கம்பெனி.) ஆனால் அங்கே பேக்கேஜ் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. சுற்றுலா நிறுவனம் மூழ்கினாலும் பயணியின் பணம் மூழ்கக் கூடாது என்று 1970-களிலேயே ‘ஏட்டால்’ என்றொரு காப்புத் திட்டத்தை வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஜனவரியிலேயே ஆகஸ்ட் விடுமுறைக்குப் போட்டுவிடுகிறான் என்று உதாரணம் காட்டுகிறவர்கள், அவனுக்குக் கீழே விரித்திருக்கும் வலையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நம்மிடம் அந்த வலை கிடையாது. நமக்கு 2019 ஏப்ரல் 17 மட்டுமே உண்டு.

சரி, திவாலை விடுவோம். முந்திப் போட்டால் விலை குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், மலிவுக் கட்டணத்தில் தன்னைத் திணறடித்துக்கொண்டிருந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தை மடக்க ஒரு வழி கண்டுபிடித்தது. அதன் தலைவர் ராபர்ட் கிராண்டலின் கணக்கு எளிமையானது. உல்லாசப் பயணி முன்கூட்டியே திட்டமிடுவார். நிபந்தனை எது போட்டாலும் ஒப்புக்கொள்வார். வியாபார விஷயமாகப் போகிறவர் நாளைக் காலை கிளம்ப வேண்டும் என்று இன்று மாலை வந்து நிற்பார். எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார். முதலாமவருக்குக் குறைந்த விலையில் சில இருக்கைகள், கூடவே மாற்றினாலோ ரத்து செய்தாலோ பணம் போகும் என்கிற கட்டு. மீதி இருக்கைகள் இரண்டாமவருக்கு. பீப்பிள் எக்ஸ்பிரஸ் இரண்டே ஆண்டில் காணாமல் போனது. அந்தக் கணக்கு உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. ஆகவே முன்பதிவுத் தள்ளுபடி என்பது உங்கள் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசு என்று மார்தட்ட வேண்டாம். மனம் மாறும் உரிமையைக் கம்பெனிக்கு விற்றிருக்கிறீர்கள். அதற்குக் கொடுத்த விலை அது. பெரும்பாலும் அடிமாட்டு விலை.

அந்த விலைகூட எப்போதும் கிடைக்கிறதா? பல விமானங்களில் ஏறக்குறைய 11 மாதம் முன்பிருந்தே இடம் விற்கிறார்கள். திறந்த அன்று போடுவது மிகக் குறைந்த விலை என்று யார் சொன்னது? யாரும் நெருக்காத நேரத்தில் எந்த வியாபாரி விலையை இறக்குவார்? இருக்கைகள் எதிர்பார்த்த வேகத்தில் விற்கவில்லை என்றால், அல்லது போட்டிக் கம்பெனி இறக்கினால், அப்போது இறக்குவார். விளம்பரத்தில் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கும் அந்தப் ‘பழைய விலை’க்கு யாராவது என்றைக்காவது வாங்கியிருக்கிறார்களா? ஆடித் தள்ளுபடிக்காக ஆனியிலேயே விலைச் சீட்டை மாற்றி ஒட்டும் துணிக்கடையைக் கிண்டல் செய்கிறவர்கள், இந்தக் கோட்டைப் பார்த்ததும் கார்டை எடுத்துவிடுகிறார்கள். குடும்பமாகத் தேடும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். ஒரு விமானத்தில் கீழ்த்தட்டு விலையில் இரண்டே இருக்கை மிச்சம் என்று வையுங்கள். நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்டால், பல தளங்களில் நான்கு பேருக்குமே மேல்தட்டு விலையைப் போட்டுக் காட்டும். இரண்டிரண்டாகக் கேட்டால் இரண்டு இருக்கை மலிவாக வந்து விழும். ஆறு மாதம் முந்தியதில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம், இந்த ஒரு சொடுக்கில் போய்விடக்கூடும். இதை எந்த முன்யோசனைக்காரரும் சொல்லித்தருவதில்லை.

மனம் மாறும் உரிமையை விற்கலாம், நம் நாட்கள் நம் கையில் இருந்தால். பிள்ளை படிக்கும் வீட்டில் நாட்கள் யார் கையில்? 2024 ஏப்ரலில் தேர்தலும் ரம்ஜானும் சேர்ந்து வந்தன. 4 முதல் 9-ஆம் வகுப்பு வரை 10, 12 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்வுகளைத் தமிழக அரசு 22, 23-க்குத் தள்ளிவைத்தது. இருபதாம் தேதி விமானத்துக்கு முந்தைய தீபாவளியன்றே டிக்கெட் போட்ட புத்திசாலி என்ன செய்வார்? ஒன்று, பள்ளிக்கூட வாசலில் நின்று கெஞ்ச வேண்டும். இல்லையென்றால் டிக்கெட்டை மாற்ற நான்கு பேருக்கும் தண்டம் கட்ட வேண்டும். விசா இன்னொரு கதை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்புதான் மனுவே போட முடியும். பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம். மறுத்தால் அது திரும்பாது. இதெல்லாம் முடிவதற்கு முன்பே, திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விசா அதிகாரியின் தயவுக்குக் காத்திருப்பது எந்த ஊர் முன்யோசனை?

துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் திடீரென்று அறிவித்தது. இதனால் அடிபட்டவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! இனிஷியலோடு வாழும் தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்கிற கட்டம் காலியாகத்தான் இருக்கும். அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று பிறகு இறங்கி வந்தார்கள். அந்த இடைவெளியில் டிக்கெட்டோடு தவித்தவர்கள் எல்லாரும் முன்கூட்டியே போட்டவர்கள்.  

‘மே மாதத்தில் சீட்டே கிடைக்காதே’ என்பது அடுத்த வாதம். நெருக்கடி மாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் நவம்பருக்கும் மே முதல் வாரத்துக்கும் நடுவில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதங்கள் இருப்பதை இவர்கள் காலண்டரிலிருந்து கிழித்துவிட்டார்களா? முந்திப் போடாதே என்றால் விமான நிலையத்தில் போய் நின்று டிக்கெட் கேள் என்று அர்த்தமாகாது. அதுமட்டுமல்ல, மே மாதம் என்றால் அதே சிங்கப்பூர், அதே பாங்காக், அதே துபாய் என்று ஒட்டுமொத்த ஊரும் ஒரே வாயிலில் முண்டியடிப்பானேன்? தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களுக்கு விசாவைத் தளர்த்தின. வாரக்கணக்கில் முடிவெடுக்கும் வசதி அப்போது வந்தது. அதையும் ஆறு மாதம் முந்தித்தான் அனுபவிப்பேன் என்று அடம்பிடித்தால் அது பழக்கதோஷம். அக்கம்பக்கத்தாரின் புகைப்படத்துக்குப் பதில் புகைப்படம் போடுவதற்காக நடக்கும் பயணத்தில் சேமிப்பைப் பற்றிப் பேசுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்பது வேறு விஷயம்.

‘எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும்’ என்று நம்புகிறவர்கள் 2020 மார்ச்சை மறந்துவிட்டார்கள். வெளிநாட்டு விமானங்கள் நின்றபோது பல கம்பெனிகள் கொடுத்தது பணமல்ல, ‘கிரெடிட் ஷெல்’ என்றொரு வரவு. பிறகு எப்போதாவது எங்களிடமே வந்து செலவழியுங்கள் என்பது அதன் தமிழாக்கம். இது தொடர்பான வழக்கு அந்த ஆண்டு அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றத்தில் தீரும்வரை, முன்யோசனைக்காரர்களின் கோடை விடுமுறைப் பணம் கம்பெனிக் கணக்கில் சுகமாக இருந்தது. பயணி தானாக ரத்து செய்தால் இன்னும் மோசம்: அடிப்படைக் கட்டணம் முழுவதும் போகலாம். வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்? கேட்காதவன் பணம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. இதோடு கன்வீனியன்ஸ் கட்டணம் வேறு; யாருடைய வசதிக்கோ நம் பணம்.  வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் 2020 அக்டோபரிலிருந்து டி.சி.எஸ். என்கிற வரிப் பிடித்தமும் உண்டு. வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்பார்கள். அதுவரை அதுவும் நம் பணம்தான், நம் கையில் இல்லாத பணம். இத்தனையையும் ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’யில் கட்டிவிட்டு, போகாத பயணத்துக்கு மாதாமாதம் தவணை செலுத்துவதைத்தான் நிம்மதி என்கிறார்கள். 2019 ஏப்ரல் 17-க்குப் பிறகும் ஜெட் டிக்கெட்டுக்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருந்தவரைக் கேளுங்கள், நிம்மதி எப்படியிருந்தது என்று.

கடைசியாக ஒரு துருப்புச் சீட்டை எடுப்பார்கள்: அந்த ஏப்ரலில் மற்ற கம்பெனிகளின் கட்டணமும் ஏறியதே, கடைசி நேரத்தில் போட்டவரும் அதிகம்தானே கொடுத்தார்? கொடுத்தார். ஒரு தடவை கொடுத்தார். முந்திப் போட்டவர் பழைய டிக்கெட்டுக்கு ஒரு தடவையும், ஏறிய விலையில் புது டிக்கெட்டுக்கு இன்னொரு தடவையும் கொடுத்தார். இன்னும் சிலர், ஓட்டல் அறையை முன்கூட்டியே போட்டுவிட்டு வேண்டாமென்றால் காசில்லாமல் ரத்து செய்யலாமே என்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள். அங்கே மனம் மாறும் உரிமை உங்களிடமே இருக்கிறது. அப்படியானால் பதினோரு மாதம் முன்னாலேயே போட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. காலண்டரில் எந்தத் தேதியில் பணம் கட்டினோம் என்பதை வைத்துப் புத்திசாலி, ஏமாளி என்று பட்டம் கொடுப்பதுதான் அபத்தம்.

ஆகவே, இந்தத் தீபாவளிக்கும் முழுப்பக்க விளம்பரம் வரும்போது மெர்லயனைப் பார்க்க வேண்டாம். ரத்து விதியைப் பாருங்கள். பள்ளித் தேர்வு அட்டவணை, அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்த விடுப்பு, விசா தேவைப்படும் நாடென்றால் முத்திரை குத்திய பாஸ்போர்ட், இந்த மூன்றும் கைக்கு வரும்வரை திரும்பி வராத டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வந்த பிறகு அன்றைய விலைக்கு வாங்குங்கள். கொஞ்சம் அதிகமாக இருந்தால் இருக்கட்டும். உங்கள் பணம் அதுவரை உங்களிடம் இருந்ததற்கு அது நியாயமான விலை.