கண்ணாடிமேல் ஒரு கீபோர்டு

பலகைக் கம்ப்யூட்டர் வருமுன்னே வதந்தி வந்தது. எல்லாவற்றுக்கும் விடை சொன்ன ஊகக்காரர்கள் ஒரு கேள்வியில் மட்டும் தடுமாறினார்கள்: அதில் எழுதுவது எப்படி?

விற்பனைக்கு வராத ஒரு பொருளுக்கு விலை குறிக்கப்பட்டிருந்தது. சுமார் 1,000 டாலர். பெயரும் சூட்டியாகிவிட்டது. ஐஸ்லேட். திரையின் அளவு 10 அங்குலம் என்பதில் அநேகமாக எல்லோருக்கும் உடன்பாடு. 2009-ன் கடைசி மாதங்களில் அமெரிக்கத் தொழில்நுட்ப வட்டாரங்களில் இதே பேச்சு. ஆப்பிள் நிறுவனம் பலகை வடிவக் கம்ப்யூட்டர் ஒன்றை ரகசியமாகத் தயாரிக்கிறதாம். நிறுவனமோ வாய் திறக்கவில்லை. மௌனம் வதந்திக்கு நல்ல உரம்.

ஆனால் கீபோர்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் என்ன செய்வது? சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு வந்த பலகைகள் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருந்தன. 1993-ல் இதே ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன், கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அது தப்பும் தவறுமாகப் படித்த அழகை 'டூன்ஸ்பரி' கார்ட்டூன் தொடர் கேலி செய்ய, அந்தப் பெயர் மீளவே இல்லை. 1998-ல் நியூட்டனுக்கு மூடுவிழா. மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ், ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் பலகைதான் என்று 2001-ல் கணித்தார். அவரது பலகைகள் 2002-ல் வந்தன. கனம் அதிகம், விலையும் அதிகம், எழுதத் தனிப் பேனா வேறு. கணிப்பு பொய்த்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகள் சாமானியருக்காக உருவாக்கிய சிம்ப்யூட்டருக்கும் ஒரு குச்சிதான் கீபோர்டு. 2004-ல் கடைக்கு வந்த அதுவும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

2007-ல் ஐபோன் வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. கீபோர்டு இல்லாத போனை அலுவலகம் செல்வோர் வாங்க மாட்டார்கள் என்று மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் சிரித்தார். ஆனால் ஐபோனின் கண்ணாடி விசைகளுக்குப் பின்னால் ஒரு தந்திரம் இருந்தது. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று சாஃப்ட்வேர் ஊகிக்கும். அந்த எழுத்துக்கான தொடுபரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கும். விரல் கொஞ்சம் விலகிப் பட்டாலும் சரியான எழுத்தே விழும். இந்தக் கீபோர்டை உருவாக்கியவர் கென் கோசியெண்டா என்ற பொறியாளர்.

போனில் பலித்தது பலகையில் பலிக்குமா என்பதே 2009-ன் விவாதம். போனை இரண்டு கட்டைவிரல்கள் சமாளித்துவிடும். 10 அங்குலத் திரையின் நடுப்பகுதியைக் கட்டைவிரல் எட்டுவதே கஷ்டம். பத்து விரல்களாலும் அடிக்கலாம் என்றால் வேறு சங்கடம். தட்டச்சு தெரிந்தவர் விசைகளைப் பார்ப்பதில்லை. எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடுகளை விரலால் தடவி இடம் கண்டுகொள்வார். அடிக்காத நேரத்தில் விரல்கள் விசைகள் மீதே இளைப்பாறும். கண்ணாடியிலோ மேடு கிடையாது. விரலை வைத்தாலே எழுத்து விழுந்துவிடும். கைகள் அந்தரத்தில் நிற்க, கண் எழுத்தையும் விசையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

ஆக, ஊகங்கள் பறந்தன. தேவைப்படும்போது கண்ணாடியில் மேடுகள் எழும்பும் என்றது ஒரு கட்சி. கீபோர்டு இரண்டாகப் பிளந்து திரையின் இரு ஓரங்களுக்கும் போய்விடும் என்றது இன்னொன்று. பேனா திரும்பி வரும் என்றார்கள் சிலர். விவரம் தெரிந்தவர்கள் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனத்தைச் சுட்டிக்காட்டினார்கள். கைவலியால் அவதிப்பட்ட வேய்ன் வெஸ்டர்மன் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவரது பேராசிரியர் ஜான் எலியாஸும் தொடங்கிய நிறுவனம் அது. அழுத்தவே தேவையில்லாத தட்டைக் கீபோர்டுகளை விற்றுவந்தது. 2005-ல் அதை ஆப்பிள் வாங்கியிருந்தது.

2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் திரை விலகியது. பெயர் ஐபேட். விலை 499 டாலரில் தொடக்கம். வதந்தி சொன்னதில் பாதி. திரை 9.7 அங்குலம். மேடையில் சோபாவில் சாய்ந்தபடி ஸ்டீவ் ஜாப்ஸ் தட்டிக் காட்டிய கீபோர்டில் மேடும் இல்லை, பிளவும் இல்லை. ஐபோனில் இருந்ததுதான், பெரிதாக. ஆனால் அதே நாளில் தனியாக வாங்கிப் பொருத்தும் நிஜக் கீபோர்டு ஒன்றையும் நிறுவனம் அறிவித்தது. சந்தேகம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும்.

விற்பனை தொடங்கிய ஏப்ரல் 3 அன்று மட்டும் 3 லட்சம் ஐபேடுகள் போயின. 28 நாட்களில் 10 லட்சம். பிளவுபட்ட கீபோர்டு 2011-ல் வந்தது. பேனாவும் மடக்கும் கீபோர்டும் 2015-ல் வந்தன. சந்தேகப்பட்டவர்கள் தோற்றுவிடவில்லை. பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இன்றும் நிஜ விசைகளையே நாடுகிறார்கள். அவர்கள் கணக்கில் விட்டது ஒன்றுதான்: பெரும்பாலோர் கம்ப்யூட்டரில் எழுதுவதைவிடப் படிப்பதும் பார்ப்பதுமே அதிகம்.

அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இந்தியாவுக்கு முக்கியமானது. பிளாஸ்டிக் விசையில் அச்சடித்த எழுத்து மாறாது. தட்டச்சு இயந்திரக் காலத்தில் மொழிக்கு ஒரு இயந்திரம் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் வந்தபோது கீபோர்டு ஆங்கில எழுத்துகளோடு வந்தது. இந்திய மொழிகளுக்கென இன்ஸ்கிரிப்ட் முறையும் 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையும் இருந்தும், விசைமேல் ஸ்டிக்கர் ஒட்டியோ மனப்பாடம் செய்தோதான் அடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு தட்டில் தமிழ், மறு தட்டில் இந்தி, பிறகு வங்காளம். டெல்லியிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வசதி உடனே வந்துவிடவில்லை. ஐபேட் 2011 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ.27,900-ல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மாணவர்களுக்காக மத்திய அரசு வெளியிட்ட ஆகாஷ் பலகைக்கு அரசு கொடுத்த விலை ரூ.2,276. அதன் திரை, தொட்டால் போதாது, அழுத்த வேண்டிய ரகம். கீபோர்டே கண்ணாடி என்றான பிறகு, மட்டமான கண்ணாடி என்றால் மட்டமான கீபோர்டு. மலிவு விலையில் நல்ல தொடுதிரைகள் வந்த பிறகே இந்திய மொழி விசைகளுக்கு உயிர் வந்தது. 2017-ல் கூகுள், தமிழ் உட்பட மேலும் பல இந்திய மொழிகளில் பேசினாலே எழுதும் வசதியைச் சேர்த்தது.

இப்போது கவலை வேறு. கண்ணாடிக் கீபோர்டு ஒரு சாஃப்ட்வேர். விரல் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகவே போகிறது. சீன மொழிக் கீபோர்டுகளை ஆராய்ந்த டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2024-ல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தந்தது. சோதித்த 9 நிறுவனங்களில் 8-ன் கீபோர்டுகள், தட்டப்படுவதை இடையில் பிறர் படித்துவிடக்கூடிய அளவுக்குப் பலவீனமாக இருந்தன.

இன்னொன்று, ஊகிக்கும் திறன். ஆங்கிலச் சொற்கள் அதிகம் உருமாறுவதில்லை. தமிழில் 'வீடு' என்ற ஒரே சொல் வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்துதான் என்று நீண்டுகொண்டே போகும். சாஃப்ட்வேர் இதற்குத் தயாராக இல்லையென்றால் தவறான சொல்லை நீட்டும். அலுத்துப்போகிறவர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிக்கத் தொடங்குவார்.

புதுப் பலகை பற்றிய வதந்திகள் ஓயப்போவதில்லை. விலை என்ன, திரை எத்தனை அங்குலம் என்ற விசாரணையும் ஓயாது. கூடவே கேட்க வேண்டியவை இரண்டு: இதில் என் மொழியைத் தடங்கலின்றி எழுத முடியுமா? எழுதியது எங்கே போகிறது?