லட்சுமணனுக்கு அப்போ 24 வயசு

விடியக்காலை ஆலங்குடி ரோட்டுல வண்டியில போனா, ஓரமா ஓடிட்டு இருக்குற நம்ம பசங்களைப் பார்க்கலாம். ஒருத்தன் போனைப் பிடிச்சு நேரம் பார்ப்பான். ராணுவத் தேர்வுல 1600 மீட்டர் ஓடணும், அஞ்சரை நிமிஷத்துல முடிச்சா முழு மார்க். புதுக்கோட்டையில பாதி ஊருக்கு இதுதான் காலைக் காட்சி.

அவங்களைப் பார்க்கிறப்போ எனக்கு ரைபிள்மேன் லட்சுமணன் ஞாபகம்தான் வரும். மதுரை மாவட்டம் டி.புதுப்பட்டி. இதே மாதிரி ஓடிப் போய்ச் சேர்ந்த பையன். 2022 ஆகஸ்ட் 11, சுதந்திர தினத்துக்கு நாலு நாள் முன்னாடி, ஜம்மு காஷ்மீர் ரஜோரியில் பர்கல் ராணுவ முகாமுக்குள் ரெண்டு பயங்கரவாதிகள் இருட்டோடு நுழையப் பார்த்தாங்க. ரெண்டு பேரையும் நம்ம வீரர்கள் சுட்டு வீழ்த்தினாங்க. அந்தச் சண்டையில் உயிர் கொடுத்தவர்களில் லட்சுமணனும் ஒருத்தர்.

ஆகஸ்ட் 13, உடல் மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. அஞ்சலி செலுத்திவிட்டுத் திரும்பிய அமைச்சர் கார்மேல செருப்பு வீச்சு. அன்னிக்கு ட்ரெண்ட் ஆனது லட்சுமணன் இல்லை நண்பர்களே, செருப்பு. உண்மையைச் சொல்றேன், நானும் ராத்திரி முழுக்க அந்தச் சண்டையிலதான் இருந்தேன். பையன் ஊர் பேரைக்கூட மறுநாள்தான் சரியாப் படிச்சேன்.

அந்தச் சத்தத்துல ஒண்ணைக் கேட்காம விட்டுட்டோம். அவர் இறக்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூன் 14 அன்று, அக்னிபாத் அறிவிப்பு வந்தது. பழைய முறையில் சேர்ந்த வீரர் களத்தில் இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. அக்னிவீரர் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, மீதி காலத்துச் சம்பளம், சேவா நிதி. பெரிய தொகைதான், மறுக்கலை. ஆனா வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கிடையாது. கிராமத்துல மொத்தமா வர்ற பணம் கடன், வீடு, சொந்தக்காரன்னு எப்படிக் கரையும்னு உங்களுக்கே தெரியும். அம்மாவுக்கு எழுபது வயசுல மருந்துச் சீட்டுக்கு யார் கொடுப்பா?

2025 மே மாதம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் பாகிஸ்தான் குண்டுவீச்சில் இறந்த ஆந்திராவின் முரளி நாயக் ஓர் அக்னிவீரர். லட்சுமணன் நின்ன அதே ஜம்மு காஷ்மீர். அதே எதிரி.

இதை நாம மட்டும் சொல்லலை. வழக்கமான வீரர்களின் குடும்பத்துக்குக் கிடைப்பதெல்லாம் இறந்த அக்னிவீரர் குடும்பத்துக்கும் தரணும்னு 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது.

18 வயசு நிரம்பாத பையன் அக்னிவீரரா சேரணும்னா அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும். ஆலங்குடி ரோட்டுல ஓடுறவன்ல பாதிப் பேருக்கு மீசையே சரியா முளைக்கலை. உங்க தொகுதி எம்.பி. எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, அந்தப் பரிந்துரை என்ன ஆச்சுன்னு கேட்டு அவர் பக்கத்துல எழுதுங்க. இந்தப் பதிவுக்குக் கீழ இன்னிக்குக் கட்சிச் சண்டை வேண்டாம். உங்க ஊர்ல இருந்து ராணுவத்துக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தா, அவர் ஊர் பேரை எழுதுங்க.